ஒரு பார்வையாளர், இரண்டு குரல்

ஈரோடு சூரம்பட்டிப் பக்கத்தில் கேபிள் இணைப்பை முதலில் துண்டித்தவர் சென்னியப்பன் அல்ல. கடைசியாகத் துண்டித்தவரும் அல்ல. நடுவில், கும்பலோடு கோவிந்தா என்று துண்டித்தவர். ஆனால் அன்று அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவர்கள் இணையத்தையே இந்த மனிதர்தான் கண்டுபிடித்தார் என்று நினைத்திருப்பார்கள்.

செட்டாப் பாக்ஸைத் திரும்ப வாங்க வந்த கேபிள்காரர் குமரேசனை வாசலில் நிறுத்திவைத்து ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

"குமரேசா, உன்ற கேபிள்ல முந்நூறு சேனல் வருது. முந்நூறும் ஊரான் யாருக்கோ எடுத்தது. நெட்டுல வர்ற தனித்திரைல அப்படியில்ல. எனக்குன்னே எடுத்துப் போடுவான், தெரியுமா?"

"எடுக்கறதெல்லாம் இல்லீங்கண்ணா" என்றார் குமரேசன் வயரைச் சுருட்டிக்கொண்டே. "நடிகரும் இல்ல, கேமராவும் இல்ல. கம்ப்யூட்டரே கதை எழுதி, ஆளையும் வரைஞ்சு, பேசவும் வச்சுருது. அந்தப் பெட்டி உங்களையே பாத்துட்டு இருக்கும். நீங்க பேசறதைக் கேட்டுட்டு இருக்கும். கொட்டாவி விட்டீங்கன்னா அந்த கேரக்டரை நாளைக்கு ஊருக்கு அனுப்பிரும். 'அடடா'ன்னு சொன்னீங்கன்னா அவனுக்கு ஒரு தங்கச்சியைக் குடுத்துரும். பாத்துப் பேசுங்க."

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"எங்க வீட்டுல அதானுங்களே. ஆறு மாசமாச்சு."

கேபிள்காரனே கேபிளை விட்டுப் போன பிறகு தான் செய்வதைப் புரட்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது சென்னியப்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் சொல்லிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில், சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் மனிதருக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி?

புதுப் பெட்டியை அவரேதான் மாட்டினார். பெட்டி ஓர் இனிமையான பெண் குரலில் கேட்டது: "உங்கள் இல்லத்தில் எத்தனை பார்வையாளர்கள்?"

சென்னியப்பன் 'ஒன்று' என்பதை அமுக்கித் தன் பெயரைக் கொடுத்தார்.

கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ரேஷன் கார்டு அவர் பெயரில். கேஸ், கரண்ட், வீட்டு வரி, தண்ணீர் வரி எல்லாம் அவர் பெயரில். கேபிளும் இருபத்தேழு வருடம் அவர் பெயரில்தான் இருந்தது. மனைவி மரகதம் தனியார் மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸ். நாற்பது பேரை வேலை வாங்குகிறவள். வீட்டுக்கு வந்தால் மட்டும் அவர் பெயருக்குள் அடங்கிப்போவாள். யாரும் அவளை அடக்கவில்லை, ஃபாரத்தில் வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். அடுத்து வந்த நிபந்தனைகளை, கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலைத் தாண்டுவது போலத் தாண்டி, 'சம்மதம்' என்று அமுக்கிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு சோபாவில் சாய்ந்தார்.

இப்படியாக அந்தப் பெட்டி ஒரு முடிவுக்கு வந்தது. சென்னியப்பன் என்று ஒரு மனிதர் இருக்கிறார். அவர் சில சமயம் கட்டைக் குரலில் பேசுவார், சில சமயம் கணீரென்ற பெண் குரலில் பேசுவார். தான் சொன்னதைத் தானே உடனுக்குடன் மறுப்பார். அவருக்கு ஏற்றபடி ஒரு தொடர் எழுத வேண்டும்.

எழுதியது.

தொடரின் நாயகி இன்ஸ்பெக்டர் காஞ்சனை. முதல் நாளே பவானிப் பாலத்தில் ஒரு பிணம். காஞ்சனை பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பிரிக்கிற நேரத்தில், கதை அப்படியே திரும்பி, ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டது. எட்டு நிமிடம் வளைகாப்பு. ஏழு வகைச் சாதமும் நிதானமாகக் காட்டப்பட்டன. பிறகு பிணத்துக்குத் திரும்பியது.

"என்ன கெரகம் இது? கொலை நடந்திருக்குது, இவ புளிச்சோறு தின்னுட்டு இருக்கறா" என்றார் சென்னியப்பன்.

"பொணம் எங்க போகப்போகுது? அந்தப் புள்ள ஏழு மாசமா ஆசைப்பட்டிருக்கும்" என்றாள் மரகதம். "நீங்க பேசாம பாருங்க."

அவர் பேசாமல் பார்க்கிற ஆள் இல்லை. லாரி ஓட்டிய வில்லன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பியபோது சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "போட்டானா? இண்டிகேட்டர் போட்டானா, பாத்தியா?" மறுநாள் அந்த வில்லன் இண்டிகேட்டர் போடாத குற்றத்துக்காகவே ஒரு திருப்பத்தில் செத்துப்போனான். மருத்துவமனைக் காட்சியில் மரகதம் கொதித்தாள். "ட்ரிப்ஸ் பாட்டில் தீந்து அஞ்சு நிமிசமாச்சு. உங்க இன்ஸ்பெக்டர் வசனம் பேசீட்டு நிக்கறா." மறுநாள் காஞ்சனை தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே பாட்டிலை மாற்றினாள். கொலைகாரன் யார் என்று சென்னியப்பன் தினமும் ஒருவரைக் கைகாட்டுவார். ஒருநாள்கூட அவர் சொன்ன ஆள் கொலைகாரனாக இருந்ததில்லை. மரகதம் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை இந்தக் கூத்து. இருவரும் அந்தத் தொடரை மனதாரத் திட்டினார்கள். ஒருநாளும் தவற விடவில்லை. அதற்கு என்ன பெயர் என்று அப்போது சென்னியப்பனுக்குத் தெரியாது. சந்தோஷம் என்று அதற்குப் பெயர். முன்பே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருப்பார்.

தவளை தன் வாயால் கெடும். கிளட்ச் பழக வந்த பல் டாக்டர் அம்மா ஒருவரிடம் அவர் இந்தத் தொடரைப் பற்றிப் புலம்பினார். அந்த அம்மா காரை ரோட்டு நடுவிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கா? யாராவது அப்படி வச்சுக்குவாங்களா சார்? அதான் சாம்பார்ல ஐஸ்கிரீம் கலந்த மாதிரி வருது. ஆளுக்கொண்ணு எடுங்க."

அன்று மாலையே, காத்திருந்தது போல, பெட்டியில் விளம்பரமும் வந்தது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கதை. வேண்டுமென்றால் கீழே உள்ள பட்டனை அமுக்குங்கள்.

"மரகதம், ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாமா?" என்றார்.

மரகதம் மறுநாளைக்கான யூனிஃபார்ம் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அமுக்கினார். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து, திரையில் 'நன்றி' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "சரிங்க" என்றாள்.

ஆளுக்கொரு கைத்திரை வந்தது, ஆளுக்கொரு ஜோடி இயர்போனும்.

அவருடைய புதுத் தொடரில் காஞ்சனை இல்லை. ஓய்வுபெற்ற ஒரு டிரைவிங் மாஸ்டர் துப்பறிந்தார். லேசான தொப்பை, எடுப்பான மீசை. சென்னியப்பன் யாரைக் கைகாட்டினாலும் அவனே கொலைகாரன். முதல் வாரம் அவருக்குப் புல்லரித்தது. தன் மூளையை இத்தனை நாள் ஸ்டியரிங் பிடிக்கவிட்டு வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. மூன்று வாரத்தில் பதினேழு கொலைகளைக் கண்டுபிடித்தார். நாலாவது வாரம், வேண்டுமென்றே, கதையில் பால் ஊற்ற வந்த கிழவியைக் கைகாட்டினார். அவளேதான். பால் கேனுக்குள் கத்தி இருந்தது.

"பாத்தியா மரகதம், அந்தக் கிழவியப் போயி..." என்று பக்கத்தில் திரும்பினார். மரகதத்தின் காதில் இயர்போன் இருந்தது. அவள் வேறெதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டார்.

"என்ன சிரிப்பு?"

மரகதம் ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் புரியாது. முன்னாடியிருந்து பாத்திருந்தாத்தான் புரியும்." அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அப்படித்தான்.

அவருக்குத் தெரியாத ஒரு முன்கதை தன் மனைவிக்கு இருந்தது. அவருக்கும் ஒன்று இருந்தது, அதுவும் சகிக்காத ஒன்று. வீடு நிசப்தமாக, சுத்தமாக, ஒரு நல்ல லாட்ஜ் போல இருந்தது. அடுத்தடுத்த அறைக்காரர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக விளக்கை அணைத்துக்கொண்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். சென்னியப்பன் மாதச் சந்தாவில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்கு நடுவில், மரகதம் சொன்னாள். "கோயமுத்தூர்ல எங்க பெரிய ஆஸ்பத்திரில நர்சிங் சூப்பிரண்டு வேலை குடுக்கறாங்க. ஒண்ணாந்தேதி சேரோணும். தங்க ரூமும் அங்கயே."

சென்னியப்பன் பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்தார். "ரூம் எதுக்கு? ரயில் இருக்குதே. தினம் போயிட்டு வரலாமே."

"எதுக்குங்க அலையோணும்? இங்க இருந்தா நீங்க உங்க திரைல, நான் என்ற திரைல. அங்க இருந்தாலும் அதானுங்களே."

சண்டைக்குச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னாள். போகாதே என்று சொல்ல வேண்டும். மூன்றே எழுத்து. சென்னியப்பன் சொன்னது வேறு.

"அங்க கொசு ஜாஸ்தி."

"வலை கட்டிக்கறேனுங்க" என்றாள் மரகதம்.

அன்றிரவு முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஆயிரக்கணக்கான பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்த வாய், கொசுவைத் தாண்டிப் போக மறுத்தது. மறுநாள் ஒரு யோசனை வந்தது. பழைய கணக்கைத் திரும்ப வாங்கிவிட்டால்? பழையபடி காஞ்சனை வருவாள், வளைகாப்பு வரும், சண்டை வரும். மரகதம் அதை விட்டுவிட்டுப் போகமாட்டாள். மனைவியிடம் சொல்ல வேண்டியதை ஒரு கம்பெனியிடம் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது எப்பேர்ப்பட்ட கோழைத்தனம் என்று அவருக்கும் தெரிந்தது. இருந்தாலும் போன் போட்டார்.

கணக்கைப் பிரித்த தொண்ணூறு நாளுக்குள் வர வேண்டும் என்றார்கள். அன்று எண்பத்தெட்டாவது நாள். இரண்டு குரல் பதிவாகியிருப்பதால் இரண்டு பேரும் நேரில் வர வேண்டும்.

"ஒரு கையெழுத்துத்தான் மரகதம். அஞ்சு நிமிச வேலை" என்று சொல்லி அழைத்துப் போனார்.

பெருந்துறை ரோட்டில், மூன்றாவது மாடியில் தனித்திரையின் அலுவலகம். டோக்கன் வாங்கி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு, கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். ரோஸ்லின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் அவர்களுடைய எண்ணைத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி தட்டினாள். எழுந்தே நின்றுவிட்டாள்.

"சார், நீங்களா அது? ரெண்டு பேருமா? கணக்கைப் பிரிக்கற வரைக்கும் ஒரே ஆளுன்னுல்ல நினைச்சுட்டு இருந்தோம்!"

"எது நாங்க?" என்றார் சென்னியப்பன்.

ரோஸ்லின் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "சார், ஒவ்வொரு பார்வையாளருக்கும் நாங்க ஒரு சாயல் வச்சிருப்போம். கம்ப்யூட்டருக்குள்ள உங்களை மாதிரியே ஒருத்தர். வீட்ல குழம்பு வச்சா பரிமாறறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு உள்ளங்கைல விட்டுப் பாப்பீங்கல்ல? அந்த மாதிரி, உங்களுக்குப் போடற ஒவ்வொரு காட்சியையும் முதல்ல உங்க சாயலுக்குப் போட்டுப் பாப்போம். அது என்ன சொல்லுதோ அதை வச்சுத்தான் மாத்துவோம்."

"சரி."

"எல்லாருடைய சாயலும் 'ம்' கொட்டும். இல்ல, அழும், சிரிக்கும். எதிர்த்துப் பேசாது. உங்க சாயல் ஒண்ணுதான் சார் தனக்குத் தானே சண்டை போட்டுக்குது. நீங்க கணக்கைப் பிரிச்சதும் இதைச் சும்மா விட எங்களுக்கு மனசு வரல. இந்த மண்டலத்துக்கே முதல் பார்வையாளரா வச்சுட்டோம். நிபந்தனைல இருக்கு சார், நீங்க சம்மதிச்சிருக்கீங்க. இப்போ எண்பதாயிரம் வீட்டுக்குப் போற கதைங்க எல்லாம் இதுகிட்ட பாஸ் ஆகித்தான் போகுது."

மரகதம் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அப்ப நாங்க ரெண்டு பேரும் இன்னும் அங்க பாத்துட்டு இருக்கறமா?"

"தினமும் மேடம். ஒரு நாளைக்கு நாற்பது எபிசோட். கேக்கறீங்களா?"

ரோஸ்லின் எதையோ அமுக்கினாள். அறைக்குள் சென்னியப்பனின் குரல் வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"இவன்தான் கொலைகாரன். எழுதி வச்சுக்கோ."

மரகதத்தின் குரல் வந்தது. "நேத்து அந்தப் பெரியவரைச் சொன்னீங்க. முந்தாநேத்து நாயைச் சொன்னீங்க."

"நாய் மேல எனக்கு இன்னமும் சந்தேகம் இருக்குது."

"அது செத்துப்போச்சுங்க."

"அதான் சந்தேகம்."

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. கூடவே சுருக்கென்று ஒரு பொறாமை. பெட்டிக்குள் இருக்கிற எவனோ ஒருத்தன், தன் மீசையும் தொப்பையும்கூட இல்லாதவன், தன் பெண்டாட்டியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறான்.

"நான் நாயையெல்லாம் சொல்லமாட்டேன்" என்றார் விறைப்பாக.

"சொல்லுவீங்க" என்றாள் மரகதம்.

"சரி, விசயத்துக்கு வருவோம்." சென்னியப்பன் ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "எங்க கணக்கைத் திரும்ப ஒண்ணாக்கிக் குடுத்துரும்மா."

"முடியாதே சார். இப்போதான் நீங்க ரெண்டு பேருன்னு சிஸ்டத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரை ஒரு ஆளா சேர்க்க வழியில்ல."

"கல்யாணத்துல சேத்து வச்சாங்களே?"

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்." ரோஸ்லின் சிரிக்காமல் சொன்னாள். "நீங்க செய்யக்கூடியது ஒண்ணுதான். அந்தச் சாயலை அழிக்கச் சொல்லலாம். இல்ல, எங்ககிட்டயே இருக்கட்டும்னு எழுதிக் குடுக்கலாம். கம்பெனிக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு. அந்தச் சாயலால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்கு."

"என்ன தொந்தரவு?"

"விளம்பரங்களையும் அதுக்குத்தான் முதல்ல போட்டுக் காட்டுவோம். புடவை, குக்கர், இன்சூரன்ஸ், எதைப் போட்டாலும் பேரம் பேசிட்டு வாங்கிடும். இதை மட்டும் வாங்க மாட்டேங்குது." இன்னொன்றை அமுக்கினாள். ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு கதை என்று இசையோடு வந்தது. சென்னியப்பனுக்கு ஞாபகம் இருந்த அதே விளம்பரம்.

பெட்டிக்குள் இருந்தவர் கேட்டார். "மரகதம், ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாமா?"

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஓடுவது நின்றுவிட்டது என்று நினைத்து சென்னியப்பன் வாயைத் திறந்தார். ரோஸ்லின் விரலைத் தூக்கி, பொறுங்கள் என்றாள். திரையின் மூலையில் விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

"வேண்டாங்க" என்றது மரகதத்தின் குரல். மெதுவான குரல். வார்டில் பேசுகிற குரல் இல்லை, சமையலறைக் குரலும் இல்லை. "நீங்க தப்புத் தப்பாச் சொல்றதைக் கேக்கத்தானே நான் வந்து உக்கார்றேன். கதையை யாரு பாக்கறா?"

"சரி, விடு" என்றது அவருடைய குரல். அதோடு முடிந்தது.

"பன்னெண்டு தடவை போட்டுட்டோம். பன்னெண்டு தடவையும் இதே பதில்தான்" என்றாள் ரோஸ்லின்.

சென்னியப்பனின் காது சூடேறியது. "இது தப்பும்மா. நீங்க எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க. அன்னிக்கு வீட்டுல இதே கேள்வியைத்தான் கேட்டேன். இவ சரின்னுதான் சொன்னா. நானே என்ற காதால கேட்டேன்."

ரோஸ்லின் இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "நீங்க கேட்டது சாயங்காலம் ஏழு நாற்பது சார். பட்டனை அமுக்குனது அதுலருந்து ரெண்டாவது செகண்ட்ல. மேடம் சரின்னு சொன்னது அதுக்கப்புறம்."

"ஆனா அதுக்குள்ள இருக்கறவனும் நான்தானே? நான் அமுக்குனா அவனும் அமுக்கியிருக்கோணுமில்ல?"

"சாயலுக்குக் கை கிடையாது சார்" என்றாள் ரோஸ்லின் சாதாரணமாக, பல பேருக்குச் சொல்லிப் பழகியது போல. "கண்ணு, காது, வாய் அவ்வளவுதான். கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் இருந்துதான் ஆகணும்."

சென்னியப்பன் மரகதத்தைப் பார்த்தார். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

டிரைவிங் மாஸ்டரின் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் மாஸ்டர் மிதித்துவிடுவார். முப்பது வருடம் அதை மிதித்தே பழகிய கால். வீட்டுக்கு எந்தச் சாயம் அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். பெண்ணை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். மரகதத்தின் அம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒருமுறை கேட்டார். எல்லாவற்றுக்கும் இரண்டு விநாடி. பிறகு, 'அவகிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன்' என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவமானமாக இருந்தது அவருக்கு. அந்தக் கண்ணாடி அறையில், ஓர் இளம்பெண் முன்னால், குற்றப் பத்திரிகை வாசிக்கப்பட்டது போல உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு நீ இதைத்தான் சொல்ல வந்தியா?" என்று கேட்டார்.

"யோசிச்சுட்டு இருந்தேனுங்க" என்றாள் மரகதம். "எப்படிச் சொல்றதுன்னு. உங்களை மாதிரி எனக்கு டக்குனு வராது."

ரோஸ்லின் தொண்டையைச் செருமினாள். ஒரு தாளை எடுத்து சென்னியப்பன் முன்னால் வைத்தாள். அழிக்கவும், வைத்திருக்கவும் என்று இரண்டு கட்டம். எதிலாவது ஒரு டிக். அவர் கை தன்னிச்சையாகப் பேனாவுக்குப் போனது. அழித்துவிடச் சொல்லலாம் என்றுதான் இருந்தது அவருக்கு. காத்திருக்கத் தெரிந்த அந்த இன்னொரு சென்னியப்பன் உலகத்தில் இருப்பதே பிடிக்கவில்லை.

மரகதம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மேடம், கணக்கு சார் பேர்ல இருக்கு. அவர்தான்..."

"இருவத்தேழு வருசமா எல்லாமே அவர் பேர்லதான் இருக்குதும்மா. பாதிக் குரல் என்னோடது." வைத்திருக்கவும் என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இருந்துட்டுப் போகட்டும். பாவம், அதுங்களுக்கு வேற என்ன வேலை?"

ரோஸ்லின் சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். மரகதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாள்.

வந்த காரியம் நடக்கவில்லை. கீழே வந்து காரில் ஏறினார்கள். டிரைவிங் ஸ்கூல் கார், கூரையில் எல் போர்டோடு. வெயிலில் கொதித்துக் கிடந்தது. சென்னியப்பன் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை. இனி இவருக்கும் அவளுக்கும் நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை, எந்தப் பெட்டியும் இல்லை. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டது வந்து மடியில் உட்கார்ந்திருந்தது.

"மரகதம், எனக்கு நீ இல்லாம அந்த வீட்டுல இருக்க முடியாது. அதான் விசயம். கொசுவெல்லாம் சும்மா சொன்னேன்." மூச்சு வாங்கியது. "கோயமுத்தூர் போயித்தான் ஆகோணுமா?"

கேட்டுவிட்டார். உடனே கை சாவிக்குப் போனது. அதைத் தடுத்ததும் கண்ணாடியைச் சரி செய்யப் போனது. பிறகு ஹாரனுக்கு. இந்தக் கையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்து, இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். பார்க்கிங் காவலாளி அந்த வழியாகப் போனவர், ஐம்பத்தெட்டு வயது மீசைக்காரர் ஒருவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்கூல் பையன் போல உட்கார்ந்திருப்பதை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. பதினைந்து ஆனது. முப்பது ஆனது. கழுத்தில் வியர்வை இறங்கியது. மரகதம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். 'சொல்லு' என்று சொல்ல நாக்கு துடித்தது. அதையும் அடக்கினார்.

"போகோணுங்க" என்றாள் மரகதம்.

சென்னியப்பன் தலையாட்டினார்.

"அந்த வேலை எனக்கு வேணுமுங்க. இருவத்தேழு வருசம் கழிச்சு வருது. உங்க மேல கோவத்துல போகலீங்க, ஆசைப்பட்டுத்தான் போறேன்." நிறுத்தினாள். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, காத்திருந்தார். "ஆனா ஒத்தை ஆளுக்கு ரூம் போதும்னு எழுதிக் குடுத்துப்போட்டேன். அது தப்பு. குவார்ட்டர்ஸ் வேணும்னா வேற ஃபாரம் இருக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்போணும்."

மூன்று கார்கள் இருக்கின்றன. பாதியில் நிற்கும் பதினாலு பேர் இருக்கிறார்கள், அதில் அந்தப் பல் டாக்டர் இன்னும் ரிவர்ஸ் பழகவில்லை. புது ஊரில் புது லைசென்ஸ், புது இடம், புது போர்டு. கோயமுத்தூரில் ஒரு பயலும் இண்டிகேட்டர் போடமாட்டான். இவ்வளவும் வரிசையாக அவர் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"நான் எங்க கையெழுத்துப் போடோணும்?" என்றார்.

"நீங்க போட வேண்டியதில்லீங்க. வேலை என்ற பேர்ல, வீடும் என்ற பேர்ல. உடன் தங்குபவர்னு கடைசியா ஒரு வரி இருக்குது." மரகதம் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஃபாரத்தை எடுத்து மடியில் விரித்தாள். அதை ஏற்கெனவே பாதி நிரப்பியிருந்தாள். "அதுல உங்க பேரை நான் எழுதிக்கறேன்."

சென்னியப்பன் கைகளை வெளியே எடுத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.